கோல் அடிக்காத சித்தி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் முட்டிவலியில்தான் வந்து நிற்கிறது. ஒருவருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. இன்னொருவருக்குப் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. எனக்கும்தான் வலிக்கிறது. ஆனால் முட்டி என்று யாராவது சொன்னால் எனக்கு என்னுடையது ஞாபகம் வருவதில்லை. சித்தியின் வலது முட்டிதான் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதத்திலிருந்து அடுத்த ஆடி வரைக்கும், எங்கள் வீட்டில் எல்லாமே அந்த முட்டியைச் சுற்றித்தான் நடந்தது.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. வள்ளியூர்ப் பக்கம் இருந்து காலேஜ் படிக்க வந்து பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. சித்திக்கு இருபது, கடைசி வருஷம். பார்க்க எந்த விசேஷமும் இல்லாத ஆள். பேச்சும் குறைவு. அடுக்களையில் நிற்கும்போதுகூட யார் எந்தப் பாத்திரத்துக்குக் கையை நீட்டப் போகிறார்கள் என்று முன்னமே தெரிந்ததுபோல அதை எடுத்து நகர்த்திக் கொடுப்பாள். அதை நாங்கள் யாரும் ஒரு திறமை என்று நினைக்கவில்லை.

அந்த ஆடியில் சித்தி வீட்டுக்கு வரும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். கொல்லையில் துவைகல்லுக்குப் பின்னால் ஒரு துணிப்பையை ஒளித்து வைத்தாள். பாவாடை விலகும்போது கெண்டைக்காலுக்கு மேலே அடிபட்டு நீலம் பாரித்துக் கன்றிய இடங்கள் தெரிந்தன. அதே சமயம் அப்பாவின் ஆபீசில் ஒருவர் அவரிடம் பைய வந்து சொல்லியிருக்கிறார்.

"அண்ணாச்சி, ஒங்க கொழுந்தியா சாயங்காலம் பாலிடெக்னிக் பயலுவளோட கிரவுண்டுல நிக்காளே, கவனிச்சியளா?"

அப்பா தாலுகா ஆபீசில் சர்வேயர். சங்கிலி போட்டு வயல் வயலாக அளந்து வந்து, சாப்பிடும்போதும் யாருடைய வரப்பு யாருடைய நிலத்துக்குள் எத்தனை அடி நகர்ந்திருக்கிறது என்று கணக்குச் சொல்கிறவர். மறுநாள் சீக்கிரமே வந்துவிட்டார்.

"ஏட்டி, சட்டைய மாத்திட்டு வா. ஒரு எடத்துக்குப் போவணும்" என்றார் என்னிடம்.

அவர் என்னை ஏன் கூட்டிப்போனார் என்பது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது. பெண்கள் விளையாடுகிற இடத்தில் ஓர் ஆண் தனியாகப் போய் நின்றால் நன்றாக இருக்காது. ஒரு பெண்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

மைதானச் சுவர் ஓர் இடத்தில் இடிந்து இடுப்பளவு இருந்தது. அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றோம். ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியாததா! செம்மண் எழுந்து பல்லில் நறநறவென்றது. உள்ளே பதினொரு காலேஜ் பெண்கள், முட்டி வரை நீண்ட காக்கி டவுசர் போட்டுக்கொண்டு, பாலிடெக்னிக் பையன்களோடு கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வேறு பெண்கள் அணி கிடையாது என்பதால் காலேஜின் விளையாட்டு மேடம் அப்படி ஏற்பாடு செய்திருந்தார். நாற்காலியைப் போட்டு மேடமே கோட்டோரம் உட்கார்ந்திருந்தார்.

சித்தி மைதானத்தின் நட்டநடுவில் நின்றாள்.

முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எல்லோரும் பந்தைத் துரத்தினார்கள், சித்தி துரத்தவில்லை. நடந்தாள். சில சமயம் சும்மா நின்றாள். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் தலையை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் திருப்பிப் பார்த்தாள், ஜங்ஷனில் ரோட்டைக் கடக்கப் போகிறவள் மாதிரி. பந்து வந்தது. அவள் காலில் அது தங்கவேயில்லை. பட்டதும் ஆளே இல்லாத ஓர் இடத்துக்குப் போனது. தப்பாக உதைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அதற்குள் எங்கிருந்தோ ஒரு பெண் ஓடிவந்து அந்த இடத்தில் பந்தோடு நின்றாள். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கு அடுத்த தடவையும். பையன்கள் காற்றில் உயரமாக அடித்தார்கள், காற்று அதைக் கிழக்கே அள்ளிக்கொண்டு போனது. சித்தியின் பந்து மட்டும் தரையைவிட்டு எழும்பவே இல்லை. தினமும் என் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிற சித்திதானா இது?

அப்பா அவளை இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். கடைசிவரை சுவரைத் தாண்டவில்லை.

"அந்தப் பக்கம் எம்புட்டு எடம் கெடக்குன்னு இவளுக்கு எப்படித் தெரியுது?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். மேடம் விசில் ஊதி முடித்ததும், சித்தி பார்ப்பதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டார்.

அன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தன கோல் அடிச்சிருக்க இதுவரைக்கும்?"

சித்தியின் கையில் தோசை அப்படியே நின்றது. அம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல அத்தான். கோல் அடிக்கது என் சோலி இல்ல."

"பெறவு ஒன் சோலி என்ன?"

"அடிக்கவளுக்குப் பந்து போய்ச் சேரணும். அதப் பாத்துக்கிடணும்."

அப்பா இன்னொரு தோசை கேட்டு வாங்கினார். "ஆறரைக்குள்ள வீட்டுக்கு வந்திரணும்" என்றார். அவ்வளவுதான் அனுமதி. விஷயம் விளங்கியதும் அம்மா ஒரு பாட்டம் அழுதாள். பொம்பளைப் பிள்ளை டவுசர் போட்டுக்கொண்டு ஆடுவதா என்று அதற்கப்புறம் ஒரு வாரம் புலம்பினாள். ஆனால் அடுத்த மாதம் அப்பா மதுரைக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது கறுப்புத் தோலில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிவந்தார். அடியில் குமிழ் குமிழாக ஆறு கட்டைகள். ஆண்பிள்ளைகள் அளவு. முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டாள் சித்தி. அது எண்ணெய் தடவிய புதுத்தோலின் வாசனையோடு எங்கள் அறையில் ஜன்னலடியில் இருக்கும். சில நாள் நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

ஐப்பசியில் காலேஜ்களுக்கு இடையிலான போட்டி வந்தது. நாகர்கோவில் பக்கத்து அணியோடு அரையிறுதி. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்திருந்தார். சித்தியின் பெயர் அவருடைய நோட்டில் ஏறிவிட்டது என்று மேடம் அப்பாவிடமே சொன்னார். முந்தின நாள் மழை பெய்து விட்டிருந்தது. மைதானம் மேலே காய்ந்து, அடியில் சகதியாக இருந்தது.

யாரும் இடிக்கவில்லை. யாரும் தள்ளவும் இல்லை. சித்தி பந்தை வாங்கித் திரும்பினாள். உடம்பு திரும்பியது, சகதியில் மாட்டிய பூட்ஸ் திரும்பவில்லை. காய்ந்த சுள்ளியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம், சுவரோரம் நின்ற எனக்கே கேட்டது. சித்தி கத்தவில்லை. விழுந்துகொண்டே பந்து போய்ச் சேர்ந்ததா என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அப்பா அவளைத் தூக்கிவந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்காரவைத்தார். வீட்டு வாசலில் அம்மா சொன்னாள், "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம். படம் எடுத்துப் பாத்திருவாவ."

"அங்கன போனா கத்திய வச்சிருவாவ. நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்க வேண்டிய பிள்ள. வைத்தியர்ட்ட போவோம். என் கைய நேராக்குனது அவருதான?" என்றார் அப்பா.

எலும்பு வைத்தியர் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்தார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. கட்டைவிரலால் முட்டியைச் சுற்றி அழுத்திப் பார்த்து, எலும்பு ஒடியவில்லை, நரம்பு புரண்டிருக்கிறது என்றார். எலும்பைப் பற்றி அவர் சொன்னது சரி. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்துமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். நாற்பத்தொரு நாள். வீடு முழுக்க முட்டை நாற்றமும் எண்ணெய் நாற்றமும். கட்டு அவிழ்த்தபோது வீக்கம் இல்லை. அப்பா வைத்தியருக்கு வெற்றிலைத் தட்டு வைத்துக் கும்பிட்டார்.

சித்தி மூன்று நாள் மைதானத்துக்குப் போனாள். மூன்றாம் நாள் ஓடும்போது முட்டி தானாக மடங்கி விழுந்தாள். தைப் பொங்கலுக்கு முன்னால் இன்னொரு தடவை விழுந்தாள். அதற்குப் பிறகுதான் பெரியாஸ்பத்திரி. அங்கே இருந்த சின்னவயது டாக்டர் காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார்.

"உள்ள இருக்கற நார் முழுசா அறுந்திருக்கு. அப்பவே வந்திருந்தா ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம்."

"நடக்கலாமா சார்?" என்று கேட்டாள் சித்தி.

"தாராளமா நடக்கலாம்."

"ஓட?"

டாக்டர் சீட்டில் எதையோ எழுதத் தொடங்கினார். அப்பா வெளியே போய்விட்டார். அதன் பிறகு அந்த முட்டியைப் பற்றி அப்பா வீட்டில் பேசியதே இல்லை. சித்தியும் பேசவில்லை. அவர் சித்திமேல் கோபமாக இருக்கிறார் என்று அம்மாகூட நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் சித்தி பரீட்சைக்குப் போயிருந்த நேரம், பழைய சாமானுக்கு பிளாஸ்டிக் கொடுக்கிறவர் தெருவில் வந்தார். கண்ணில் படப்பட அவளுக்கு வேதனையாக இருக்கும் என்று அம்மா அந்தப் பூட்ஸைப் போட்டு ஒரு பச்சை வாளி வாங்கிவிட்டாள். நல்ல மனசோடு செய்ததுதான். சித்தி வந்து ஜன்னலடியைப் பார்த்தாள், குளிமுறியில் புது வாளியைப் பார்த்தாள். தினமும் அந்த வாளியில் தண்ணீர் பிடித்துத்தான் குளித்தாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. நான் எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளி பி.டி. டீச்சர் பிள்ளைப்பேற்றுக்கு லீவில் போனார். அவர் திரும்பி வரும்வரை ஓர் ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்க, காலேஜ் மேடம் சித்தியைக் கைகாட்டினார். சித்தி முதலில் மாட்டேன் என்றாள். மேடம் வீட்டுக்கே வந்தார்.

"ஒனக்கு வேகமும் கெடையாது, ஷாட்டும் கெடையாது. கண்ண வச்சுத்தான ஆடுன? கண்ணு எங்கயும் அறுந்து போவலயே" என்றார்.

ஒரு திங்கட்கிழமை, சேலையும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுமாக, வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு சித்தி எங்கள் முன்னால் வந்து நின்றாள். வீட்டில் சித்தி, பள்ளியில் டீச்சர். நான் மாற்றிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

இரண்டு வாரம் பந்தே தரவில்லை. மைதானத்தில் எங்கள் இஷ்டத்துக்கு நடக்கச் சொன்னாள். திடீரென்று கைதட்டி ஒருத்தியின் பெயரைச் சொல்லி, "பின்னால யாரு?" என்பாள். திரும்பிப் பார்க்காமல் சொல்ல வேண்டும். எங்களுக்குச் சிரிப்பு. "பந்து விளையாட்டுன்னு சொல்லிட்டு வாக்கிங் விடுதாவ" என்று வீடுகளில் புகார். சித்தி கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது வாரம் பந்தைத் தந்தாள். அன்றைக்கு ஒருத்திமேல் ஒருத்தி முட்டிக்கொள்ளாமல் ஆடினோம். அதுவரை எங்களுக்குப் பந்து இருக்கிற இடம்தான் மைதானம். இப்போது பின்னால், பக்கவாட்டில், தூரத்து மூலையில் எல்லாம் இடம் திறந்துகொண்டது. ஒரு வீட்டில் இத்தனை நாள் பார்க்காத அறைகளைத் திறந்து காட்டின மாதிரி இருந்தது எனக்கு.

எல்லோரையும்விட அதை வேகமாகப் பிடித்துக்கொண்டவள் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளை. ஆற்றங்கரை ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அதனால் நாங்கள் அவளை பஸ் பிள்ளை என்றே கூப்பிட்டோம். அவள் அம்மா வயலில் நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவள். வகுப்பில் வாயே திறக்காத அந்தப் பிள்ளை, சித்தி கைதட்டினால் பின்னால் இருப்பவளை மட்டுமா சொன்னாள்? அதற்குப் பின்னால் இருப்பவளையும் சேர்த்துச் சொன்னாள்.

ஆடியில் பள்ளிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் வந்துவிட்டோம். அம்மா எனக்குப் புது ரிப்பன் கட்டிவிட்டு, பிளாஸ்கில் காப்பியோடு வந்து உட்கார்ந்தாள். அப்பாவும் வந்திருந்தார். சித்தி பெயர்களை வாசித்தாள். நடுவில் பஸ் பிள்ளை. என் பெயர் மாற்று ஆட்டக்காரர்களில் இருந்தது.

நான் அழுதேன். அம்மா எழுந்தே வந்துவிட்டாள்.

"எங்க வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு எம் பிள்ளையவே வெளிய உக்கார வைக்கியாட்டி?"

சித்தி என் முன்னால் குனிந்தாள். "அவ ஒன்னவிட நல்லா பாக்குதா. ஒன்ன எறக்குனா, நாளைக்கு அந்தப் பிள்ள எதுக்குப் பஸ் ஏறி வரணும்?" என்றாள். எனக்கு அன்று அது காதில் ஏறவில்லை. இவள் முகத்தில் இனி விழிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் என் கோபம் போன இடம் தெரியவில்லை. பஸ் பிள்ளை தலையை இடமும் வலமும் திருப்பினாள். அவள் உதைத்த பந்து அந்த ஆடிக் காற்றுக்கு அடியில், தரையோடு தரையாக, ஆளில்லாத இடத்துக்குப் போனது. எங்கள் பெண் ஒருத்தி ஓடிப் போய் அதை வலைக்குள் தட்டினாள். ஒன்றுக்குப் பூஜ்யம். நான் சித்தியைப் பார்த்தேன். அவள் கோல் அடித்தவளைப் பார்க்கவில்லை.

முடிய இருபது நிமிஷம் இருக்கும். எதிரணிப் பெண் ஒருத்தி குறுக்கே விழ, பஸ் பிள்ளை முட்டியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

சித்தி ஓடினாள். நடுவர் உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டவில்லை, அவள் காத்திருக்கவும் இல்லை. அந்தக் காலோடு, சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாதி மைதானத்தை ஓடியே கடந்தாள். நடுவில் ஒரு தடவை முட்டி மடங்கியது. கையை ஊன்றி எழுந்து மறுபடி ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அதுதான் கடைசி.

தலைமையாசிரியை தைலக் குப்பியோடு வந்துவிட்டார். "தேச்சு விடுங்க, அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சிருவா. நாமதான ஜெயிச்சிட்டிருக்கோம்."

"டீச்சர், நான் ஆடிருவேன் டீச்சர்" என்றாள் பஸ் பிள்ளை.

"அசையாதட்டி. நீ அடுத்த வருசம் ஆடணும்." சித்தி மூலையில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடுங்கி வரச் சொன்னாள். எங்கள் தலையிலிருந்த ரிப்பன்களை அவிழ்த்து, காலை அந்தக் கம்போடு சேர்த்துக் கட்டினாள்.

"கொடி இல்லாம ஆட்டம் நடத்த முடியாதும்மா" என்றார் நடுவர்.

"அப்பம் நிறுத்தி வைங்க சார்."

பிறகு அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். "அத்தான், இவ அம்மையக் கூட்டிட்டு நேரா பெரியாஸ்பத்திரிக்கு வந்திருங்க!" அப்பா சைக்கிளை நோக்கி ஓடினார். சித்தி பஸ் பிள்ளையை ஆட்டோவில் ஏற்றும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "எறங்கு" என்று மட்டும் சொன்னாள்.

இறுதி ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் போய்விட்டாள். வேறு கொடிக்கம்பு கொண்டுவந்து ஆட்டம் தொடர்ந்தது. நான் இறங்கினேன். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். அந்த இரண்டு கோலும் நான் நின்றிருக்க வேண்டிய இடத்தின் வழியாகத்தான் போயின.

ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைப் பாதியில் விட்டு ஓடியவள் என்று பள்ளியில் பெயராகிவிட்டது. லீவு முடிந்து பழைய டீச்சர் வந்ததும் சித்தியை அனுப்பிவிட்டார்கள். சித்தி உடற்கல்விப் படிப்புப் படித்து, வள்ளியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றுவரை அங்கேதான் பெண்பிள்ளைகளை நடக்கவிட்டுக் கைதட்டிக்கொண்டிருக்கிறாள். பஸ் பிள்ளை அடுத்த வருஷம் ஆடினாள். பின்னால் பல்கலைக்கழக அணிக்கும் ஆடினாள். இப்போது போலீஸில் இருக்கிறாள். இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கண்டதைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் வெயில் சாய்ந்திருந்தது. உள்ளே பஸ் பிள்ளைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நார் பாதிதான் கிழிந்திருக்கிறது, உடனே கொண்டுவந்ததால் சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்தி தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பக்கத்தில் பஸ் பிள்ளையின் அம்மா, கெண்டைக்காலில் வயல் சேறு காயாமல், சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலு மைல் அவளைப் பின்னால் வைத்து மிதித்துவந்த அப்பா தூணோரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தோற்ற செய்தியை நான் சொன்னேன். சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்த அம்மா, அந்த முட்டியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா தூணைவிட்டு வந்து சித்தியின் முன்னால் நின்றார். ஆறேழு மாதமாகப் பேசாததை அப்போதுதான் பேசினார்.

"அன்னைக்கு ஒன்னையும் நான் இங்கனதான் கொண்டு வந்திருக்கணும்மா."

அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் கோபமாக இருந்தது யார்மேல் என்பது அந்த நிமிஷம்தான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது.

சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"காப்பி வாங்கிட்டு வாங்க அத்தான். இந்த அக்கா காலையில இருந்து ஒண்ணும் குடிக்கல" என்றாள்.

அம்மா பிளாஸ்கில் மிச்சமிருந்ததைக் கீழே ஊற்றிவிட்டு அப்பாவிடம் கொடுத்தாள். அவர் தோளிலிருந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். திரும்பி வந்ததும் பிளாஸ்கின் மூடியிலும் கடையில் கேட்டு வாங்கிவந்த ஒரு தம்ளரிலுமாக ஊற்றி இரண்டையும் சித்தியிடம் நீட்டினார். முதலாவதை அவள் பஸ் பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்தாள். இரண்டாவதை வாங்கி, ஆற்றி, அப்பாவின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"உக்காந்து குடிங்க" என்றாள். அப்பா அந்த வெறுந்தரையில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.